பார் இல்லாத சைக்கிளில் ஆண்கள் ஏறினால் என்ன?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய இடத்தில் வாழ்க்கையைத் தொடங்கும்போது முதலில் தேடுவது தலைக்கு மேலே ஒரு கூரை. அதற்கு அடுத்ததாக அநேகமான குடும்பங்கள் தேடுவது ஒரு சைக்கிள். தோட்டத்துக்குப் போக, கூலி வேலைக்குப் போக, பிள்ளையைப் பாடசாலையில் விட, நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல, நாலு கட்டுக் கீரையைச் சந்தையில் சேர்க்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சைக்கிள்தான் உதவுகின்றது.

ஆனால் கிடைத்த அந்த ஒன்று, நடுவிலே பார் இல்லாத "பெண்கள் சைக்கிள்" ஆக இருந்துவிட்டால் வீட்டிலுள்ள ஆண் அதில் ஏறத் தயங்குகின்றார். சைக்கிள் வேலியோரம் நிற்க அவர் நடந்து போகின்றார். சில வீடுகளில் அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு, கடன் பட்டுப் பார் உள்ள சைக்கிள் ஒன்றை வாங்குகின்றார்கள். அதன் பிறகு நடப்பது அந்த வீட்டுப் பெண்ணும், காலைத் தூக்கிப் போட முடியாத வயோதிபத் தகப்பனும்.

இது ஒரு சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குத்தகைக்கு எடுத்த தோட்டம் வீட்டிலிருந்து 6 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பவருக்கு அங்கே போய்ச் சேர 72 நிமிடம் ஆகும். மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஆறுதலாகச் சைக்கிள் உழக்குபவருக்கு 30 நிமிடம் போதும். போக வர நாளொன்றுக்கு 84 நிமிடம் மிச்சம். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறவும், இரண்டு பாத்தியில் களை பிடுங்கவும், அல்லது களைத்துப் போன உடம்பைச் சற்றுச் சாய்க்கவும் போதுமான நேரம் அது. சைக்கிள் வீட்டில் இருந்தும் அந்த நேரம் வீணாகின்றது என்றால் அதைப்பற்றிப் பேசத்தான் வேண்டும்.

ஆகவே பெண்களுக்கென்று செய்யப்பட்ட சைக்கிளை ஆண்கள் வசதியாக ஓட முடியுமா என்ற கேள்வியை இங்கே நேராகவே எடுத்துக்கொள்கின்றோம்.

பார் ஏன் கீழே இறங்கியது?

இன்று நாம் காணும் சைக்கிளின் முன்மாதிரி 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உருவானது. ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்த "றோவர்" சைக்கிள் அது. இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சில்லுக்குச் செயின். அதற்கு முன்னர் இருந்த, முன் சில்லு ஆளுயரம் நின்ற சைக்கிளில் ஏறுவதே பெரிய வித்தை. புதிய சைக்கிள் வந்ததும் பெண்களும் ஓட விரும்பினார்கள். ஆனால் அக்காலத்து ஐரோப்பியப் பெண்களின் உடுப்பு கணுக்கால் வரை நீண்ட பாவாடை. அதோடு பாருக்கு மேலால் காலைப் போட முடியாது. எனவே 1880களின் கடைசியில் பாரைக் கீழே இறக்கிச் சைக்கிள் செய்தார்கள். செயினுக்கு மூடியும், பின் சில்லுக்கு வலையும் சேர்த்தது பாவாடை சிக்காமல் இருப்பதற்காக.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார் இறங்கியதற்குக் காரணம் உடுப்பு. பெண்ணின் உடம்புக்கும் ஆணின் உடம்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கெடுத்து எவரும் அந்தப் பாரை இறக்கவில்லை.

நீண்ட உடுப்பு உடுத்த ஆண்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. நெதர்லாந்தில், நீண்ட அங்கி அணிந்த குருமார் ஏறுவதற்கென்றே பார் வளைந்து கீழே இறங்கிய சைக்கிள்களைச் செய்து விற்றார்கள். "குருவானவர் சைக்கிள்" என்பதே அந்த நாட்டு மொழியில் அதற்குப் பெயர். எமது கமக்காரரின் உடுப்பு என்ன? சாரம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாருக்கு மேலால் காலைச் சுழற்றிப் போடும்போது படும் பாடு எமது ஆண்களுக்குத் தெரியாததல்ல. உடுப்பைப் பார்த்துத்தான் சைக்கிள் தெரிய வேண்டும் என்றால், சாரம் கட்டியவருக்குப் பார் இல்லாத சைக்கிளே பொருத்தம்.

வேறு இடங்களில் என்ன நடக்கின்றது?

நெதர்லாந்தில் இன்றும் பார் இறங்கிய சைக்கிளில் போகும் ஆண்கள் அநேகர். ஜப்பானில் வீட்டுப் பாவனைக்கு உள்ள சாதாரண சைக்கிள் பார் இல்லாதது. தாய்மாரின் சைக்கிள் என்ற பொருளில் அதற்குச் செல்லப் பெயர் இருந்தாலும், வேலைக்குப் போகும் ஆண்களும் மாணவர்களும் அதையே உழக்குகின்றார்கள். 2007 இல் பாரிஸ் நகரமும் 2010 இல் லண்டன் நகரமும் பொதுமக்கள் வாடகைக்கு எடுத்து ஓடச் சைக்கிள்களை வீதியோரங்களில் நிறுத்தின. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அவை பிரிக்கப்படவில்லை. எல்லோரும் ஏறக்கூடியதாகத் தாழ்ந்த பிறேம் உள்ள ஒரே வகையை வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1958 இல் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் இடையில் காலை விட்டு ஏறுவதற்கு இடம் விட்டே அதைச் செய்தார்கள். 2017 இல் அந்த வகையில் செய்யப்பட்டவற்றின் தொகை 10 கோடியைத் தாண்டியது. எமது ஊர்களில் ஓடும் எம்.டி. 90 உம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் நிமிர்ந்து இருந்து போகும் ஆணைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. ஸ்கூட்டரில் போகும் ஆணைப் பார்த்தும் சிரிப்பதில்லை. இயந்திரம் பூட்டினால் கௌரவம், உழக்கிப் போனால் வெட்கம் என்பது என்ன நியாயம்?

உடம்புக்கு ஒத்துவருமா?

சைக்கிள் ஓடும்போது எமது உடம்பு தொடுவது மூன்று இடங்களை. சீற், ஹாண்டில், பெடல். பார் எங்கேயும் உடம்பில் படுவதில்லை. எனவே வசதியும் வசதியீனமும் இந்த மூன்றும் இருக்கும் தூரத்தையும் உயரத்தையும் பொறுத்தவை. பெண்கள் சைக்கிளில் ஆண்களுக்கு வரும் உண்மையான சிரமங்களும் இவற்றிலிருந்தே வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது உயரம். பெண்கள் சைக்கிளின் பிறேம் பெரும்பாலும் சிறியது. மனைவியோ மகளோ ஓடிய உயரத்திலேயே சீற்றை விட்டுவிட்டு ஆண் ஏறினால் முழங்கால் நெஞ்சை நோக்கி வரும். கொஞ்சத் தூரத்திலேயே முழங்கால் நோகத் தொடங்கும். "பொம்பிளைச் சைக்கிள் ஆம்பிளைக்குச் சரிவராது" என்று சொல்பவர்களிற் பலர் சீற்றை உயர்த்தாமலே ஓடிப் பார்த்தவர்கள். சீற்றில் இருந்துகொண்டு குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நிமிர வேண்டும். அதுவே சரியான உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் உழக்கும்போது முழங்கால் சற்றே மடிந்து நிற்கும். சீற் தண்டில் இதற்கு மேல் இழுக்கக்கூடாது என்று ஒரு கோடு இருந்தால் அதைக் கடக்க வேண்டாம். கோடு இல்லாவிட்டால் இரண்டரை அங்குலமாவது தண்டு குழாய்க்குள் இருக்கட்டும். அதற்கும் மேலே உயர்த்த வேண்டியவர் நீளமான தண்டு ஒன்றைச் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது நீளம். சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் இடையிலான தூரம் குறைவாக இருப்பதால், நெடிய ஆண் வளைவில் திருப்பும்போது ஹாண்டில் முழங்காலில் இடிக்கும். சீற்றின் கீழுள்ள நட்டைத் தளர்த்திச் சீற்றைப் பின்னுக்குத் தள்ளுவதும், ஹாண்டிலைச் சற்று உயர்த்துவதும் இதற்கு வழி. நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு 26 அங்குலச் சில்லுச் சைக்கிளில் இது போதும். பாடசாலைச் சிறுமிகளுக்கான 24 அங்குலச் சைக்கிளில் வளர்ந்த ஆண் வசதியாக ஓட முடியாது. ஆறடிக்கு மேல் வளர்ந்தவருக்கு 26 அங்குலமும் இடைஞ்சலாக இருக்கலாம். ஆனால் அது ஆள் நெடுமையினால் வரும் சிரமம். அதே உயரமுள்ள பெண்ணுக்கும் அது உண்டு.

மூன்றாவது சீற். பெண்களுக்கென்று வரும் சீற் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். பெண்களின் இடுப்பு எலும்பு பொதுவாக அகலமாக இருப்பதே காரணம். நிமிர்ந்திருந்து ஓடும் சைக்கிளில் அகலச் சீற் ஆண்களுக்கும் சுகமாகவே இருக்கும். சிலருக்குத் தொடை உரசும். அப்படியானால் மாற்ற வேண்டியது சீற்றை மட்டுமே. அதற்காகச் சைக்கிளை விற்க வேண்டியதில்லை.

ஒரே சைக்கிளை இருவர் ஓடும் வீட்டில் ஒரு சின்ன ஒழுங்கு செய்துகொள்ளலாம். சீற் தண்டில் கணவனின் உயரத்துக்கு ஒரு கோடும் மனைவியின் உயரத்துக்கு ஒரு கோடும் வர்ணத்தால் கீறி, நட்டைக் கழற்றும் சாவியைச் சீற்றின் கீழ் கட்டிவிட்டால் ஒரு நிமிட வேலைதான்.

பாரம் ஏற்றினால்?

இங்கே பார் உள்ள சைக்கிளின் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. படலை கோணாமல் நிற்பதற்குக் குறுக்கே ஒரு சட்டம் அடிக்கின்றோம் அல்லவா? முக்கோணம் நெளியாது என்பதே அதன் சூத்திரம். பார் உள்ள பிறேம் அப்படி ஒரு முக்கோணம். பாரைக் கீழே இறக்கியதும் அந்த முக்கோணம் கலைகின்றது. கரியரில் பெரும் பாரம் ஏற்றினால் சைக்கிள் முறுகி ஆடும். நாளடைவில் ஒட்டுகளில் வெடிப்பும் வரலாம். 50 கிலோ உரப்பையோ, நெல் மூடையோ, உயரக் கட்டிய விறகோ அடிக்கடி ஏற்றுபவர் பார் உள்ள சைக்கிளை விரும்புவதில் பிழையில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டு வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் விறகும் மரக்கறியும் பாணும் சைக்கிளிலேயே ஊரூராகப் போயின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, பாரிலும் கரியரிலும் ஹாண்டிலிலும் வீட்டையே கட்டித் தொங்கவிட்டு நாவற்குழிப் பாலத்தால் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பார் பட்ட பாரத்தை எமது மக்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு நாளும் நாம் மூடை சுமப்பதில்லை. ஒரு மண்வெட்டி, ஒரு சாப்பாட்டுப் பொதி, ஒரு தண்ணீர்க் கான், ஒரு கடகம் கத்தரிக்காய், ஒரு பிள்ளை ஆகியவைதான் எமது அன்றாடப் பாரம். இதற்குப் பார் இல்லாத சைக்கிள் தாங்கும். பாரத்தைக் கரியரின் இரு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிட்டால் ஆட்டமும் குறையும். அத்தோடு, கரியரில் உயரமாகச் சாமான் கட்டியபின் அல்லது ஒரு பிள்ளையை இருத்தியபின் பின்னாலே காலைச் சுழற்றி ஏற முடியாது. நடுவாலே கால் வைத்து ஏறுவதே ஆபத்தில்லாதது.

நெல் மூடைக்கு உழவு இயந்திரமோ மாட்டு வண்டியோ அயலவரோடு சேர்ந்து பிடிப்பது பெரும்பாலும் நடக்கக்கூடியது. ஆண்டில் சில நாள் வரும் அந்தப் பாரத்துக்காக, ஆண்டு முழுவதும் வீட்டில் ஒரேயொருவர் மட்டும் ஏறக்கூடிய சைக்கிளை வைத்திருப்பதா என்பதே கேள்வி.

எவருக்கு உதவும்?

போரினால் காலை இழந்து செயற்கைக் கால் பொருத்திய ஆண்கள் எமது கிராமங்களில் இருக்கின்றார்கள். இடுப்பிலும் முழங்காலிலும் நோவுள்ள முதியவர்கள் இருக்கின்றார்கள். பாருக்கு மேலால் காலைப் போட முடியாமையினாலேயே சைக்கிளைக் கைவிட்ட இவர்களிற் சிலராவது, தாழ்ந்த பிறேமில் மீண்டும் ஓட முடியும். அவசரத்தில் பிறேக் பிடித்து இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றவும் அதுவே இலகு. பாரில் விழுந்து அடிபட்ட வேதனை ஆண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பார் உள்ள சைக்கிளையும் பெண்கள் ஓடக் கூடாதா என்று எவரும் கேட்கலாம். நிச்சயமாக ஓடலாம்; ஓடியும் காட்டியிருக்கின்றார்கள். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் முடிந்துபோனபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓடினார்கள். பாரில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் சைக்கிளின் பெயரைப் பார்த்து நிற்கவில்லை. தேவையைப் பார்த்தார்கள், ஏறினார்கள். அதே துணிவை எமது ஆண்களிடம் எதிர்பார்ப்பது அதிகமாகுமா?

வெட்கம் என்ற தடை

ஆகவே உடம்பு இதற்குத் தடையல்ல. தடையாக இருப்பது சந்தியில் நிற்பவர்களின் பகிடி. "என்ன, மனிசியின்ர சைக்கிளோ?" என்ற ஒரு சொல். காணி பூமியோடு, துலாவும் கிணறும் மாடு கன்றுமாக வாழ்ந்தவர் அவற்றை எல்லாம் விட்டுவிட்டு வந்து, பிறர் நிலத்தில் கூலிக்கு நிற்கும்போது, அவரிடம் மிஞ்சியிருப்பது கொஞ்ச மரியாதைதான். அதையும் ஒரு சைக்கிளுக்காக இழப்பதா என்று அவர் நினைத்தால் அவரைக் குறை கூறுவதற்கு முன் நாம் யோசிக்க வேண்டும். அந்த வெட்கம் போலியானதல்ல. அது வலிக்கும்.

ஆனால் அந்தப் பகிடிக்கு நாம் கொடுக்கும் விலையையும் யோசிக்க வேண்டும். கிளினிக்குக்குப் போக வேண்டிய கர்ப்பிணி மனைவி வெயிலில் நடக்கின்றாள். மாலை வகுப்பு முடிந்த மகள் இருட்டில் நடக்கின்றாள். பகிடி விட்டவர் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடப் போவதில்லை. எமது பெண்கள் சைக்கிள் ஓடத் தொடங்கிய காலத்தில் அவர்களையும் பார்த்துச் சிரித்தார்கள். எரிபொருள் இல்லாத ஆண்டுகளில் ஆசிரியைகளும் தாதிமாரும் மாணவிகளும் சைக்கிளிலேயே போனார்கள். பிறகு சிரிப்பதற்கு எவரும் இல்லை. 2022 இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, மோட்டார் வாகனம் வைத்திருந்தவர்களும் சைக்கிளைத் தேடினார்கள். அந்த நேரத்தில் பார் இருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை.

இந்த வெட்கத்தைத் தனியொருவர் உடைப்பது கடினம். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆண்கள் முதலில் ஏறினால் மற்றவர்களுக்கு இலகுவாகும். கமக்காரர் அமைப்பின் தலைவர், ஆசிரியர், கிராமத்தில் வேலை செய்யும் தொண்டர்கள், குருமார் ஆகியோர் இதைச் செய்யலாம். மகன்மாருக்குச் சிறு வயதிலேயே தமக்கையின் சைக்கிளைக் கொடுத்துப் பழக்கலாம்.

எமது கருத்து

ஒரு சைக்கிள் மட்டுமே வாங்க முடிந்த குடும்பம், பார் இல்லாத, 26 அங்குலச் சில்லுள்ள, உறுதியான கரியர் பூட்டிய சைக்கிளை வாங்க வேண்டும் என்பதே எமது கருத்து. அதை அப்பாவும் ஓடலாம், அம்மாவும் ஓடலாம், பாட்டனும் ஓடலாம், வளர்ந்த மகளும் ஓடலாம். இரண்டாவது சைக்கிள் வாங்க வசதி வரும்போது, பாரத்துக்கென்று பார் உள்ள ஒன்றை வாங்கலாம். நாள் தவறாமல் மூடை ஏற்றிப் பிழைப்பவருக்கு மட்டும் இந்த ஒழுங்கு மாறும்.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத் தலைவர் ஆண் என்றால் ஆண்கள் சைக்கிள், பெண் என்றால் பெண்கள் சைக்கிள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பதை விட, அந்த வீட்டில் எத்தனை பேர் ஓடுவார்கள், எவ்வளவு தூரம், என்ன பாரம் என்று கேட்டுக் கொடுங்கள். "ஆண்கள்", "பெண்கள்" என்ற பெயரை விட்டுப் "பார் உள்ளது", "பார் இல்லாதது" என்று சொல்லத் தொடங்கினாலே பாதி வெட்கம் போய்விடும்.

வாசகர்களிடம் நாம் கேட்பது இதுதான். அடுத்த முறை சைக்கிள் வாங்கப் போகும்போது தனியே போகாதீர்கள். மனைவியையும், வளர்ந்த பிள்ளையையும், இயலுமானால் வீட்டிலுள்ள முதியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடை வாசலில் ஒவ்வொருவராக அதில் ஏறி இறங்கிப் பாருங்கள். எல்லோரும் ஏறக்கூடிய சைக்கிள் எதுவோ அதற்குக் காசைக் கொடுங்கள்.